பனைமலை உமையும் தொலைக்காட்சி அரசியரும்

தொலைக்காட்சித் தொடரில் பல்லவ அரசி தோன்றினால், நாம் ஒப்பிட்டுப் பார்க்க விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில் ஒரு சான்று உண்டு. 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில் குடையின்கீழ் நிற்கும் உமையின் ஓவியமே அது. மகுடமும் அணிகளும் உண்டு. இடைக்குக் கீழே வண்ண வேலைப்பாட்டு ஆடை. தைத்த இரவிக்கை இல்லை.

இரவிக்கையைத் தொடர்கள் சேர்ப்பது இன்றைய நாணம் கருதி, அதைப் பொறுக்கலாம். விறைத்து நிற்கும் ஜரிகைப் புடவையைத்தான் பொறுக்க இயலவில்லை! மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரையின் வாயிற்காவலரைப் பாருங்கள். துணி உடலோடு ஒட்டியிருக்கிறது. கல் மடிப்பையும் முடிச்சையும் காட்டும், நிறத்தைக் காட்டாது. நிறத்துக்குப் பனைமலையே கதி.

சென்னைப் படப்பிடிப்புத் தளங்களிலிருந்து திண்டிவனம் வழியே சில மணி நேரப் பயணந்தான். உமை கண்டுநிற்கும் சிவனின் ஆடல் ஓவியம் பெரிதும் அழிந்துவிட்டது; உமையும் ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறாள்.