காம்போனென்டின் ஆயுளும் தரவின் வருகையும்

இணையப் பக்கம் என்பது ஆதியில் ஒரு ஜடப்பொருளாகவே இருந்தது. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் தம் யோசனையை எழுதிக் கொடுத்து, அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அதைச் செயலாக்கியும் காட்டியபோது, வாசகர் ஒரு முகவரியைக் கேட்பதும், சர்வர் என்னும் தூரத்துக் கணினி முழுப் பக்கத்தையும் அனுப்புவதும், பிரௌசர் அதைத் திரையில் விரிப்பதும் ஆகிய மூன்று காரியங்களே அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தன. வேறு செய்தி வேண்டுமானால் வேறு பக்கத்தைக் கேட்க வேண்டியதுதான். பக்கம் கைக்கு வரும்போதே அதற்குரிய தரவும் அதனுள் எழுதப்பட்டு வந்துவிட்டபடியால், தரவை எப்போது கொண்டுவருவது, அதைக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்விகள் அன்று எவர் மனத்திலும் எழ நியாயமில்லை. பிற்காலத்தில் இத்தொழிலில் உள்ளவர்கள் ஓயாமல் விவாதிக்கப்போகும் விஷயம் இதுதான் என்பதற்கு அப்போது ஓர் அறிகுறியும் இல்லை.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் உருவத்தைச் செய்து முடித்த கதை பிரசித்தமானது. அம்மொழியால் பக்கத்துக்குச் சிறிது சலனம் கிடைத்ததே தவிர, பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு சர்வரிடம் சென்று புதிய செய்தி கேட்டு வரும் செவ்வையான வழி கிடைக்கவில்லை. அந்த வழியைத் திறந்தவர்கள், மின்னஞ்சலைப் பிரௌசரிலேயே படிப்பதற்கான அவுட்லுக் வெப் ஆக்சஸ் என்னும் செயலியைச் செய்துகொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் குழுவினர். அவர்கள் தம் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட எக்ஸ்எம்எல்-ஹெச்டிடிபி-ரிக்வெஸ்ட் என்னும் சாதனம் 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஐந்தாம் பதிப்பில் சேர்ந்து வெளிவந்தது. இத்தனை நீண்ட பெயரைச் சுமந்த அச்சாதனத்தின் மகிமையை உலகம் உணர்வதற்கு, 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் வரவேண்டியிருந்தது. அதே 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார். மறு வருஷம் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி என்னும் நிரல் நூலகம், அதைச் சாமானியரும் இரண்டு வரிகளில் பிரயோகிக்கும்படி செய்தது. அந்நாளில் நிரல் எழுதுவோர் கவனித்த முக்கியமான தருணம் ஒன்றே: பக்கம் முழுவதும் தயாராகிவிட்டது என்று பிரௌசர் அறிவிக்கும் அந்தக் கணம். அது வந்ததும் தரவைக் கேட்டார்கள். கிடைத்ததும் அகப்பட்ட இடத்தில் ஒட்டினார்கள்.

2010-ஆம் ஆண்டையொட்டி பேக்போன், நாக்அவுட், ஆங்குலர்ஜேஎஸ், எம்பர் என்று ஃபிரேம்வொர்க்குகள், அதாவது செயலிகளைக் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகங்கள், அடுத்தடுத்துத் தோன்றின. அவற்றின் குணதோஷங்களை இங்கே விவரிக்கப் புகுந்தால் கட்டுரை வளரும். எம்பரைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் தரவைக் கொண்டுவரும் பொறுப்பு, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் ரூட்டரிடம் இருந்தது. திரையில் தோன்றும் துண்டுகளிடம் இல்லை. முகவரி மாறினால் முதலில் தரவு வரும். பிறகே திரை மாறும். இதன் அருமை அப்போது பலருக்கும் புலப்படவில்லை.

ஏனெனில் அனைவருடைய கவனத்தையும் வேறொன்று கவர்ந்துகொண்டது. ஃபேஸ்புக் நிறுவனத்தில் ஜோர்டன் வாக் என்பவர் செய்த ரியாக்ட் என்னும் நூலகம், 2011-இல் அந்நிறுவனத்தின் செய்தி ஓடையில் பிரவேசித்து, 2013 மே மாதம் ஜாவாஸ்கிரிப்ட் மாநாடு ஒன்றில் திறமூலமாக அறிவிக்கப்பட்டது. நிரலுக்குள்ளேயே பக்கத்தின் குறிமொழியையும் கலந்தெழுதும் அதன் போக்கைக் கண்டு முதலில் முகம் சுளித்தவர்கள் அநேகர். ஆயினும் திரையைக் காம்போனென்ட் என்னும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு நிலையையும், சிருஷ்டி, ஸ்திதி, சம்ஹாரம் என்ற மூன்று கட்டங்களையும் வகுத்துத் தந்த அதன் தெளிவு, முகம் சுளித்தவர்களையும் நாளடைவில் வசீகரித்தது. திரையில் இடம்பெறுவதற்குச் சற்று முன் அழைக்கப்படுவது காம்போனென்ட்-வில்-மவுண்ட். இடம்பெற்றபின் அழைக்கப்படுவது காம்போனென்ட்-டிட்-மவுண்ட். நீக்கப்படுவதற்கு முன் அழைக்கப்படுவது காம்போனென்ட்-வில்-அன்மவுண்ட். சற்றே பின்னர், 2014-இல் இவான் யூ வெளியிட்ட வூவும், 2016-இல் புது வடிவெடுத்த ஆங்குலரும் இதையொத்த கட்டங்களையே தத்தம் பெயர்களில் அமைத்துக்கொண்டன.

ரியாக்டோ திரையை வரைவதற்கென்று பிறந்தது. தரவை எங்கிருந்து பெறவேண்டும் என்பதைப் பற்றி அது மௌனம் சாதித்தது. அந்த மௌனத்தை நிரல் எழுதுவோர் தம் இஷ்டம்போல் நிரப்பிக்கொண்டனர். காம்போனென்ட் பிறக்கிறது, பிறந்ததும் அதற்குத் தரவு வேண்டும், ஆகவே பிறப்பின் சடங்குகளில் ஒன்றாகத் தரவுக் கோரிக்கையையும் வைத்துவிடலாம் என்ற எண்ணம் இயல்பானதாகவே தோன்றியது. என் அபிப்பிராயத்தில், பின்னால் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிச்சிலிருந்து கிளைத்தவையே.

முதல் தொல்லை வில்-மவுண்ட் விஷயத்தில் விளைந்தது. திரையில் தோன்றுவதற்கு முன்னரே கோரிக்கையை அனுப்பிவிட்டால், வெறுமையான முதல் தோற்றத்தைத் தவிர்த்துவிடலாம் என்று பலர் நம்பினர். நம்பிக்கை தவறு. வில்-மவுண்ட் முடிந்த மறுகணமே ரியாக்ட் வரையத் தொடங்கிவிடும். கடல் கடந்து வரவேண்டிய தரவு அந்தக் கணத்துக்குள் எவ்வாறு வந்து சேரும்? அன்றியும், பக்கத்தைச் சர்வரிலேயே வரைந்து அனுப்பும் ஏற்பாட்டில் வில்-மவுண்ட் அங்கே ஒரு முறையும் பிரௌசரில் மறுமுறையும் அழைக்கப்பட்டது. சர்வர் பதிலுக்காகக் காத்திராது. ஆதலால் முதற் கோரிக்கை வீணாயிற்று, அதே கோரிக்கை மறுபடியும் சென்றது.

இரண்டாவது தொல்லை மரணத்தைப் பற்றியது. கோரிக்கையை அனுப்பிய காம்போனென்ட், பதில் வருவதற்குள் திரையை விட்டு நீங்கிவிட்டிருந்தால், வீட்டைக் காலிசெய்துகொண்டு போனவர் பெயருக்கு வந்த தபால் போல அப்பதில் வந்து நிற்கும். ரியாக்ட் எச்சரிக்கை விடுத்தது; எழுதுவோரோ, காம்போனென்ட் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளும் இஸ்-மவுண்டட் என்ற உபாயத்தால் அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்தனர். அது நோயை மறைக்கும் சிகிச்சையே என்று ரியாக்ட் குழுவினர் 2015 டிசம்பரில் வெளிப்படையாகவே கண்டித்தனர். இதைவிட நயவஞ்சகமானது மற்றொரு பிழை. வாசகர் ஒருவருடைய பக்கத்தைத் திறந்து, உடனே மனம் மாறி வேறொருவருடைய பக்கத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோரிக்கைகள் புறப்பட்டுவிட்டன. பின்னதற்குரிய பதில் முன்னால் வந்து, முன்னதற்குரிய பதில் தாமதித்து வந்தால், இரண்டாமவர் பெயரின் கீழ் முதல்வருடைய விவரங்கள் காட்சியளிக்கும். எச்சரிக்கையும் இராது, பிழைச்செய்தியும் இராது. சோதித்துப் பார்க்கும் வேளையில் எழுதுபவரின் மேசையில் இப்பிழை தலைகாட்டாமல், மெதுவான இணைப்பையுடைய வாசகரிடத்தில் மாத்திரம் தலைகாட்டுவது அதன் தனிச் சுபாவம். கோரிக்கையை நடுவிலேயே ரத்துசெய்வதற்கு பிரௌசர்களில் அபார்ட்-கன்ட்ரோலர் என்னும் வசதி 2017-இல்தான் வரத் தொடங்கியது.

மூன்றாவது, தாமதம். தாய்க் காம்போனென்ட் தன் தரவைப் பெற்ற பிறகே சேய் பிறக்கிறது. பிறந்த பிறகே சேய் தன் தரவைக் கேட்கிறது. பேரனுடைய முறை அதற்கும் பின்னால். ஒரே நேரத்தில் புறப்பட்டிருக்கக்கூடிய கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக்கிடந்தன.

2018 மார்ச் மாதத்தில் வெளியான ரியாக்ட் 16.3, ஒரு சீர்திருத்தத்தைத் தொடங்கியது. வரைதலை நடுவில் நிறுத்தி, பிறகு தொடரவும், வேண்டாமென்றால் கைவிடவும் ரியாக்டுக்கு வல்லமை தரவேண்டும் என்பது குழுவின் நோக்கம். அப்போது வில்-மவுண்ட் பலமுறை அழைக்கப்படலாம். அழைக்கப்பட்டும் பிறப்பே நிகழாமற் போகலாம். ஆகவே வில்-மவுண்டும் அதன் சகாக்கள் இரண்டும் அபாயமானவை என்று முத்திரையிடப்பட்டு, அன்சேஃப் என்ற முன்னொட்டைப் பெற்றன. அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8-இல் வந்த ஹூக்குகள், அதாவது காம்போனென்டைச் சாதாரணச் சார்பாகவே எழுத உதவும் கருவிகள், மேலும் ஒரு படி சென்றன. யூஸ்-எஃபெக்ட் என்னும் ஹூக்கில் ஜனன மரணப் பேச்சு பின்தங்கியது. இன்ன மதிப்புகள் மாறினால் இன்ன காரியத்தை வெளியுலகோடு இணங்கச் செய், முன்பு செய்ததைத் துடைத்துவிடு என்பதே அதன் கொள்கை. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் பழகிய மனம் எளிதில் மாறுவதில்லை. மதிப்புகளின் பட்டியலை வெறுமையாக விட்டு, அதையும் பழைய டிட்-மவுண்டாகவே பலர் பாவித்தனர். 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18, கண்டிப்பு முறையில், எழுதும் கட்டத்தில் மட்டும், ஒவ்வொரு காம்போனென்டையும் பிறப்பித்து, நீக்கி, மறுபடியும் பிறப்பித்துச் சோதிக்கலாயிற்று. தரவுக் கோரிக்கை இரண்டு முறை போகிறதே என்ற கூக்குரல் எழுந்தது. கூக்குரலிட்டவர்கள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் நியாயம் ரியாக்டின் பக்கமே.

இதற்கிடையில் வேறு சிலர் முடிச்சையே அவிழ்க்க முற்பட்டனர். டேனர் லின்ஸ்லியின் ரியாக்ட் குவெரியும், வெர்செல் நிறுவனத்தாரின் எஸ்டபிள்யூஆரும் ஆகிய நூலகங்கள் 2019-இல் தோன்றி, தரவைக் காம்போனென்டுக்கு வெளியே கேஷ் என்னும் ஒரு பொதுச் சேமிப்பிடத்தில் வைத்தன. காம்போனென்ட் அங்கே பார்வையாளர் மாத்திரமே. அது நீங்கினாலும் தரவு நிற்கும், பத்துக் காம்போனென்டுகள் கேட்டாலும் கோரிக்கை ஒன்றே போகும். ரியாக்டின்மேல் கட்டப்பட்ட ரீமிக்ஸ் என்னும் ஃபிரேம்வொர்க் 2021-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டபோது, பக்கத்துக்கு வேண்டிய தரவை ரூட்டரே முன்கூட்டிக் கொணரும் ஏற்பாட்டை மையமாக வைத்தது. எம்பர் பத்தாண்டுகளுக்கு முன் சொன்னதை இப்போது உலகம் காதுகொடுத்துக் கேட்டது. ரியாக்ட் குழுவினரோ 2020 டிசம்பரில் சர்வர் காம்போனென்டுகளை அறிமுகப்படுத்தினர். அவ்வகையிலான மற்றொரு ஃபிரேம்வொர்க்கான நெக்ஸ்ட்ஜேஎஸ் 2022-இல் அவற்றைத் தன் புதிய ரூட்டருக்கு அஸ்திவாரமாக்கியது. சர்வரிலேயே இயங்கித் தரவைத் தானே எடுத்துக்கொள்ளும் அத்தகைய காம்போனென்டுக்குப் பிரௌசரில் பிறப்பு இறப்பு என்ற கட்டங்களே கிடையா.

பழைய முறைகள் ஒழிந்துவிட்டன என்று மாத்திரம் வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. சீர்திருத்தம் அறிவிக்கப்பட்ட 2018-இல் ஃபேஸ்புக்கில் மட்டும் 50,000-க்கு மேற்பட்ட காம்போனென்டுகள் இருந்தன. அவற்றையெல்லாம் உடனே திருத்தி எழுதும் உத்தேசம் இல்லை என்று குழுவினரே அன்று தெரிவித்தனர். 2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் 19-லும் வில்-மவுண்ட் தன் அபாய முன்னொட்டோடு இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.