கிட்டார் தந்தி உரசொலி

கிட்டார் தந்தி உரசொலி என்பது கிட்டார் வாசிப்பவரின் இடக்கை விரல்கள், உலோகக் கம்பி சுற்றப்பட்ட தந்திகளின் மீது வழுக்கி நகரும்போது எழும் கீச்சொலி ஆகும். மின்பெருக்கம் இல்லாத மரக்கிட்டாரை ஒலிப்பதிவு செய்யும்போது இவ்வொலி மிகத் தெளிவாகக் கேட்கும். அரங்கில் சில மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு இது பெரும்பாலும் புலப்படாது. ஆனால் கருவிக்கு அருகே வைக்கப்படும் ஒலிவாங்கி இதனைச் சுரங்களோடு சேர்த்துப் பதிவு செய்துவிடுகிறது. தந்தியின் அமைப்பு, விரல் நகரும் முறை, ஒலிவாங்கியின் இடம், பதிவுக்குப் பிந்தைய திருத்தம் ஆகிய நான்கு நிலைகளில் இதனைக் குறைக்கலாம்.

தோன்றும் காரணம்

கிட்டாரில் இருவகைத் தந்திகள் உள்ளன. ஒற்றைக் கம்பியாலோ ஒற்றை நைலான் இழையாலோ ஆனவை வெற்றுத் தந்திகள். நடுவே ஓர் உள்ளீடும் அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய உலோகக் கம்பியும் கொண்டவை சுற்றுத் தந்திகள். எஃகுத் தந்திக் கிட்டாரின் ஆறு தந்திகளில் பொதுவாக நான்கு சுற்றுத் தந்திகளாகும். செவ்வியல் கிட்டாரில் மந்தர ஒலி தரும் மூன்று தந்திகள் மட்டும் சுற்றுத் தந்திகள். இவற்றின் உள்ளீடு நைலான் இழைகளால் ஆனது, மேற்சுற்று வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பியாகும். உரசொலி பெரும்பாலும் சுற்றுத் தந்திகளிலேயே எழுகிறது.

சுற்றுக்கம்பியின் ஒவ்வொரு சுற்றும் ஒரு சிறு மேடு போன்றது. விரல்நுனியின் தோல் இம்மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும்போது தந்தி தொடர்ந்து தட்டப்படுகிறது. ஒரு நொடியில் கடக்கும் மேடுகளின் எண்ணிக்கையே கீச்சொலியின் அடிப்படை அதிர்வெண் ஆகும். அதாவது, விரலின் வேகத்தை ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் இவ்வதிர்வெண் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 650 மில்லிமீட்டர் தந்தி நீளம் கொண்ட கிட்டாரில் முதலாம் மெட்டுக்கும் ஐந்தாம் மெட்டுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 127 மில்லிமீட்டர். இத்தொலைவை விரல் கால் நொடியில் கடந்தால் அதன் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் அரை மீட்டர். சுற்றுக்கம்பியின் தடிமன் 0.25 மில்லிமீட்டர் எனில் ஒரு மீட்டரில் 4,000 சுற்றுகள் இருக்கும். எனவே எழும் கீச்சொலி சுமார் 2,000 ஹெர்ட்ஸ் ஆகும். விரல் வேகம் எடுக்கும்போது கீச்சொலியின் சுருதி உயர்ந்து, நிற்கப்போகும்போது தாழ்கிறது. சீழ்க்கை போன்ற அதன் தன்மைக்கு இதுவே காரணம்.

2007 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் வெளியிட்ட ஓர் ஆய்வு, இவ்வொலியில் இரு கூறுகள் இருப்பதைக் காட்டியது. ஒன்று, மேலே கூறியவாறு விரலின் வேகத்தைப் பொறுத்து மாறுவது. மற்றது, தந்தி நீளவாக்கில் அதிர்வதால் எழுவது. இதன் அதிர்வெண் விரலின் வேகத்தால் மாறுவதில்லை. மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு மிகுந்த கூருணர்வு உடையது. உரசொலியின் ஆற்றலில் ஒரு பகுதி இவ்வெல்லைக்குள் அமைவதால், அளவில் சிறியதாயினும் அது உறுத்தலாகக் கேட்கிறது.

ஒலிப்பதிவு வரலாற்றில்

1925 ஆம் ஆண்டுக்கு முன்னர் ஒலிப்பதிவு பெரும்பாலும் கூம்புக்குழல் வழியாகவே நிகழ்ந்தது. அம்முறையில் உயர் அதிர்வெண் ஒலிகள் போதிய அளவில் பதிவாகவில்லை. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வணிக நோக்கில் தொடங்கிய பின்னர் நுண்ணிய ஒலிகளும் பதிவாகத் தொடங்கின. ஆயினும் இசைத்தட்டின் கரகரப்பும் ஒலிநாடாவின் இரைச்சலும் உரசொலியை ஓரளவு மறைத்தன. 1982 இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்ததும் பின்னணி இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. மறைந்திருந்த விரல் ஒலிகள் வெளிப்பட்டன.

பிற ஒலிகளிலிருந்து வேறுபாடு

தீர்வு தேடுமுன் ஒலியின் வகையை அறிதல் வேண்டும்.

• உரசொலி: விரல் தந்தியின் நீளவாக்கில் நகரும்போது எழும் கீச்சொலி.
• விடுப்பொலி: அழுத்திய விரலை எடுக்கும்போது, திறந்த தந்தி மெல்ல ஒலிப்பது.
• நகவொலி: வலக்கை நகமோ மீட்டுகோலோ சுற்றுத் தந்தியில் குறுக்காக உராய்வதால் எழுவது.
• மெட்டதிர்வு: அதிரும் தந்தி மெட்டின் மீது மோதிக் கரகரப்பது. இது கருவியின் அமைப்பாலோ போதிய அழுத்தம் இன்மையாலோ வருவது. உரசொலிக்குரிய தீர்வுகள் இதற்குப் பயன்படா.

தந்திகளைத் தேர்தல்

வழக்கமான தந்திகளில் சுற்றுக்கம்பி வட்டக் குறுக்குவெட்டு உடையது. இவையே மிகுதியாக ஒலியெழுப்புவன. தட்டையான நாடா போன்ற கம்பி சுற்றப்பட்ட தந்திகளில் மேடுகள் மிகக் குறைவு என்பதால் உரசொலி பெரிதும் தணியும். ஆனால் அவற்றின் நாதம் மங்கலாக இருக்கும். வட்டக்கம்பி சுற்றியபின் மேற்புறத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிய தந்திகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. செவ்வியல் கிட்டாருக்கு இவ்வாறு மெருகிட்ட மந்தரத் தந்திகள் ஒலிப்பதிவுக்கென்றே விற்கப்படுகின்றன. மெல்லிய பலபடிப் பூச்சு கொண்ட தந்திகளும் உள்ளன. எலிக்சிர் என்னும் வணிகப் பெயருடைய இத்தகைய தந்திகள் 1990களின் இறுதியில் பரவலாயின. பூச்சின் முதன்மை நோக்கம் வியர்வையிலிருந்து தந்தியைக் காப்பதே எனினும், சுற்றுகளுக்கு இடையிலான பள்ளங்களை மூடுவதால் உரசலும் குறைகிறது.

புதுத் தந்திகளே அதிகம் கீச்சிடும். எனவே தந்தி மாற்றிய உடனே பதிவு செய்யாமல், சில மணி நேரம் வாசித்துப் பழக்கிய பின் பதிவு செய்வது வழக்கம். மிகப் பழைய தந்திகளில் உரசொலி குறைவாக இருப்பினும் நாதமும் குன்றிவிடும்.

வாசிக்கும் முறை

செலவின்றிப் பெரும் பயன் தருவது விரல் நகர்வைச் செம்மைப்படுத்துவதே. உரசொலி உண்டாக விரல் தந்தியைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும். தொடர்பு நீங்கினால் ஒலியும் நீங்கும்.

1. இடம் மாறுமுன் விரலின் அழுத்தத்தை முதலில் தளர்த்துதல். அழுத்தம் நீங்கியதும் விரலை நேர்மேலாக உயர்த்தி, பின்னர் கையை நகர்த்தி, மீண்டும் நேர்கீழாக இறக்குதல்.
2. வழிகாட்டும் விரல் தேவைப்படின் அதனை வெற்றுத் தந்தியின் மீது நகர்த்துதல்.
3. கெட்டித்த விரல்நுனியைத் தவிர்த்து, சற்றே மென்மையான தசைப்பகுதி தந்தியைத் தொடுமாறு விரலின் கோணத்தை மாற்றுதல்.
4. அதே சுரங்களை இடமாற்றம் குறைவாக வாசிக்கத்தக்க வேறு விரலமைப்பைத் தேர்தல்.
5. திறந்த தந்தி ஒலிக்கும் கணத்தில் இடம் மாறுதல். இதனால் அவசரம் குறைந்து, விரலை உயர்த்த நேரம் கிடைக்கும்.

இப்பயிற்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒலிக்கு அஞ்சி விரலை முன்னதாகவே எடுத்துவிட்டால் சுரம் தன் முழுக் கால அளவுக்கு ஒலிக்காமல் துண்டிக்கப்படும். இசைத் தொடர்ச்சி அறுபடுவது சிறு கீச்சொலியைவிடப் பெரிய குறையாகும். எனவே பாடலை முதலில் மெதுவான காலத்தில் பயின்று, சுரம் முழுமையாக ஒலித்த பின் விரல் எழுவதை உறுதி செய்தல் நன்று.

உலர்ந்த, சொரசொரப்பான தோல் உரசலைக் கூட்டும். சிலர் கனிம எண்ணெய் அடங்கிய மசகுப் பொருள்களைத் தந்தியில் மெல்லப் பூசுகின்றனர். வீணைக் கலைஞர்கள் இடக்கை விரல்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே கமகத்துக்காக விரல் தந்தியின் மீது எளிதில் வழுக்குவதும் தோல் அறுபடாமல் இருப்பதும் நோக்கங்களாகும். கிட்டாரில் எண்ணெய் மிகுந்தால் தந்தியின் நாதம் மங்கும் என்பதால் அளவோடு பயன்படுத்த வேண்டும்.

ஒலிவாங்கியின் இடம்

எஃகுத் தந்திக் கிட்டாருக்கு, பன்னிரண்டாம் மெட்டை நோக்கி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் ஒலிவாங்கி வைப்பது பொதுவான தொடக்க முறையாகும். உரசொலி மிகுந்தால் ஒலிவாங்கியை இடக்கையிலிருந்து விலக்கி, கருவியின் உடற்பகுதியை நோக்கித் திருப்பலாம். தொலைவை 60 சென்டிமீட்டர் அளவுக்குக் கூட்டுவதும் பயன் தரும். ஒலிவாங்கி விரல்களுக்கு மிக அருகே இருக்கும்போது விரலொலி ஓங்குகிறது. விலகும்போது கருவியின் முழு நாதம் அதனை விஞ்சுகிறது. ஆனால் தொலைவு கூடக் கூட அறையின் எதிரொலியும் கூடும். ஆகவே அமைதியான, நல்ல ஒலியமைப்புள்ள அறை இன்றியமையாதது.

உரசொலியின் ஒரு பகுதி தந்தி வழியே குதிரையை அடைந்து, கருவியின் மேற்பலகையிலிருந்தும் வெளிப்படுகிறது. ஆகையால் ஒலிவாங்கியின் இடமாற்றத்தால் மட்டும் இதனை முற்றிலும் நீக்க இயலாது. குதிரையின் அடியில் பொருத்தப்படும் அழுத்தமின் உணரிகளும் இவ்வொலியைப் பிடிக்கின்றன.

பதிவுக்குப் பிந்தைய திருத்தம்

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரசர் கருவி உரசொலியைப் பெரிதாக்கக்கூடும். அது வலுவான சுரங்களை 6 டெசிபெல் குறைத்து, பின் மொத்த ஒலியையும் 6 டெசிபெல் உயர்த்தினால், சுரங்களுக்கு இடையே ஒலிக்கும் கீச்சொலி முன்னைவிட 6 டெசிபெல் வரை உயரும். எனவே உரசொலியைத் திருத்திய பின்னரே கம்ப்ரசரைப் பயன்படுத்துவது நன்று.

ஒலித்தொகுப்பு மென்பொருளில் கீச்சொலி எழும் இடத்தில் மட்டும் ஒலியளவைச் சில டெசிபெல் தாழ்த்துவது எளிய முறையாகும். அதே பகுதியைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்திருந்தால், தூய்மையான இடமாற்றத்தை மற்றொரு பதிவிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஒலியை நிறமாலைப் படமாகக் காட்டும் மென்பொருள்களில் கீச்சொலி வளைந்த கோடாகத் தெரியும்; அக்கோட்டை மட்டும் தேர்ந்து மங்கச் செய்யலாம். ஐசோடோப் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 8 மென்பொருளில் கிட்டார் உரசொலியைத் தானாகக் கண்டறிந்து குறைக்கும் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது.

2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் பாடல் முழுவதும் குறைப்பது தவறான வழியாகும். தந்தி மீட்டப்படும் கணத்தின் தெளிவும் அப்பகுதியிலேயே உள்ளதால், கருவியின் உயிர்ப்பும் உடன் மறையும்.

முற்றிலும் நீக்க வேண்டுமா?

உரசொலி குறையா, கருவியின் இயல்பா என்பதில் கலைஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மனிதக் கை வாசிக்கிறது என்பதற்கான அடையாளமாக அதனைக் கருதுவோர் உளர். 1991 ஆம் ஆண்டு வெளியான பொது மிடி தரத்தின் 128 ஒலிகளுள் 121 ஆவது ஒலி கிட்டார் மெட்டு இரைச்சலாகும். அதாவது, பதிவுக் கூடத்தில் நீக்க முயலும் ஒலியையே மின்னணு இசையில் இயல்புத்தன்மைக்காகச் சேர்க்கும் வசதி செய்யப்பட்டுள்ளது. கேட்பவரின் கவனத்தை இசையிலிருந்து திருப்பும் உரசொலியைக் குறைத்து, ஏனையவற்றை விட்டுவைப்பதே பரவலான நடைமுறையாகும். கீச்சொலியை ஒரேயடியாக அழித்தால் அவ்விடத்தில் இயற்கைக்கு மாறான வெறுமை தோன்றக்கூடும் என்பதால், திருத்துபவர்கள் பெரும்பாலும் அதனைத் தணிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

• கிட்டார்
• வீணை
• ஒலிவாங்கி
• ஒலிப்பதிவு
• அதிர்வெண்