வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்

கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி 76,000 டாலர் கொடுத்து வீடு வாங்கினார். வயதானவர் ஒருவர் தனியாக இருக்கத் தோதான வீடு, எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது என்று விற்றவரும் தரகர்களும் சொல்லியிருந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அதே வீட்டில் ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும் கொலையுண்டதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குடிவந்த பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அது அவர் காதுக்கு எட்டியது. 'அவரிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று விற்றவர் பக்கத்து வீட்டார் ஒருவரைக் கேட்டுக்கொண்டதாகவும் அப்பெண்மணி தொடுத்த வழக்கின் மனு கூறியது. பழைய சம்பவத்தால் வீடு 65,000 டாலர்தான் பெறும் என்பது அவருடைய வாதம்.

கீழ் நீதிமன்றம் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளியது. 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உயிர்ப்பித்தது. 'ரீட் எதிர் கிங்' என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அத்தீர்ப்பின் தர்க்கம் எளியது. ஜார்ஜ் வாஷிங்டன் ஓரிரவு தங்கிய வீடு என்றால் விலை ஏறும். அவர் தங்கியதால் சுவரில் ஒரு செங்கல்கூட மாறியிருக்காது. நல்ல பெயர் விலையை ஏற்றுமானால் கெட்ட பெயர் இறக்கத்தான் செய்யும். அதை அந்தப் பெண்மணி நிரூபிக்க வாய்ப்புக் கொடுக்கவேண்டும்.

இத்தகைய வீடுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேயிலோ விலையிலோ போய் நிற்கிறது. இரண்டும் முக்கியக் கேள்வியைத் தவறவிடுகின்றன. தெருவே அறிந்த ஒன்றைப் பணம் கொடுப்பவர் ஒருவர் மட்டும் அறியாமல் இருக்கலாமா என்பதே இங்குள்ள கேள்வி. விற்பவர் தன் பக்கத்து வீட்டாரிடம் மௌனத்தைக் கேட்டுவாங்கினார் என்றால், அந்தத் தகவலின் பெறுமானம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கறை சுவரில் இல்லை, ஊரின் நினைவில் இருக்கிறது. இதற்கு நியூயார்க் மாநிலத்து அமிட்டிவில் வீட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. 1974 நவம்பர் 13 அன்று அங்கே ஒரே குடும்பத்தில் ஆறு பேரை மூத்த மகன் சுட்டுக் கொன்றான். அடுத்து 80,000 டாலருக்கு வாங்கிய குடும்பம் நடந்ததை அறிந்தே வாங்கியது. 28 நாளில் வெளியேறியது. அவர்கள் சொன்ன அமானுஷ்யக் கதை 1977-இல் புத்தகமானது, 1979-இல் திரைப்படமானது. அதன்பின் குடியிருந்தவர்களை வாட்டியது ஆவி அல்ல, வீட்டைப் பார்க்க வந்த கூட்டம். கூரைக்குக் கீழே இரண்டு கண்கள்போல விழித்திருந்த கால்வட்ட ஜன்னல்களைப் பிற்பாடு எடுத்துவிட்டுச் சாதாரண ஜன்னல்கள் வைத்தார்கள். ஓஷன் அவென்யூவில் 112 என்றிருந்த கதவிலக்கம் 108 ஆனது. வீட்டுக்குள் பழுது ஏதுமில்லை; ஊர்க்கண்ணிலிருந்து அதை மறைக்கவே அத்தனை பாடும்.

இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் தொடர் கொலைகள் நடந்த 25, குரோம்வெல் தெரு வீட்டை 1996-இல் இடித்தபோது, நினைவுப்பொருளாக யாரும் எடுத்துப்போய்விடக் கூடாதென்று செங்கற்களைப் பொடியாக்கினார்கள். இன்று அங்கே ஒரு நடைபாதை இருக்கிறது.

எதிர்த்தரப்பு வாதம் வலுவற்றதல்ல. பென்சில்வேனியாவில் 2006-இல் கொலையும் தற்கொலையும் நடந்த ஒரு வீட்டை, ஏலத்தில் 4,50,000 டாலருக்கு எடுத்தவர்கள் மறு ஆண்டே 6,10,000 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவரிடம் சொல்லவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் விற்றவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது: கொலையைச் சொல்லவேண்டுமென்றால் திருட்டைச் சொல்லவேண்டாமா, எல்லையை எங்கே போடுவது? இதைவிடக் கனமான கவலை ஒன்றும் உண்டு. முன்பு குடியிருந்தவருக்கு எய்ட்ஸ் இருந்தது என்பதைக்கூட ஒரு காலத்தில் வீட்டின் குறையாகப் பார்த்தார்கள். கலிபோர்னியச் சட்டம் அதைச் சொல்லவேண்டியதில்லை என்று விலக்கி வைத்தது மிகச் சரி. நோய் ஒருவருடைய அந்தரங்கம். கொலையோ காவல்துறைக் கோப்பிலும் செய்தித்தாளிலும் ஏறிய பொதுச் சம்பவம். இவ்விரண்டையும் பிரித்தறிய நீதிமன்றங்களால் முடியும். எல்லை போடுவது கடினம் என்பதற்காக, எல்லைக்கு வெகு உள்ளே கிடக்கும் கொலையையும் விட்டுவிடுவது நியாயமாகாது.

ஜப்பான் அந்த எல்லையைப் போட்டுப் பார்த்திருக்கிறது. மரணம் நடந்த வீடுகளுக்கு அங்கே 'ஜிகோ புக்கென்' என்று தனிப்பெயரே உண்டு. 2021 அக்டோபரில் அந்நாட்டு நில, போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதுமையாலோ நோயாலோ வந்த சாவைப் பொதுவாகச் சொல்லவேண்டியதில்லை. கொலை, தற்கொலை என்றால் வாடகைக்கு வருபவரிடம் ஏறக்குறைய மூன்றாண்டுகள்வரை தரகர் சொல்லவேண்டும். விலைக்கு வாங்குபவர் விஷயத்தில் அப்படிக் காலவரம்பு வைக்கவில்லை. வாடகைதாரர் பிடிக்காவிட்டால் காலிசெய்துவிடலாம். வாங்கியவர் கடனோடு அங்கேயே இருக்கவேண்டியவர். இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதிய விதி அது.

கலிபோர்னியா அப்படிப் பிரிக்கவில்லை. 'ரீட்' தீர்ப்புக்குப் பின் வந்த அதன் சட்டம், மூன்றாண்டுகளுக்கு முற்பட்ட மரணத்தை விற்பவர் தாமாகச் சொல்லத் தேவையில்லை என்கிறது. வாங்குபவர் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவே. அந்தப் பெண்மணியின் வீட்டில் கொலைகள் நடந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. யாருடைய வழக்கு இந்த உரிமைக்கு வழி திறந்ததோ அவரே இன்று வீடு வாங்க வந்தால், அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. கூரை ஒழுகுமா, குழாயில் தண்ணீர் வருமா என்று விசாரிப்பதோடு, இங்கே யாரையாவது கொன்றிருக்கிறார்களா என்றும் விற்பவரிடம் அவரே கேட்டாகவேண்டும். பேசவேண்டாம் என்று பக்கத்து வீட்டாரிடம் அதற்குள் சொல்லிவைத்திருப்பார்கள்.