தராசுக்குப் பின்னால் நின்றவர்கள்

கொரோனா பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பதே குற்றம். அதே நாளில்தான் சட்டமன்றத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தார். அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் ரொக்கம், ஏப்ரல் மாதத்துக்கான அரிசியும் பருப்பும் சர்க்கரையும் எண்ணெயும் விலையில்லாமல். கூட்டம் கூடாதே என்பது ஓர் ஆணை, ரேஷன் கடைக்கு வந்து வாங்கிக்கொள் என்பது இன்னோர் ஆணை. இரண்டையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருந்தவர்கள் அந்தக் கடைகளின் விற்பனையாளர்களும் எடை போடும் கட்டுநர்களும்.

இவர்கள் நின்ற அந்தக் கடைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1904இல் திருவல்லிக்கேணியில் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி முதலானோர் நகரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மொத்தமாக மளிகை வாங்கி, சரியான எடையில், நியாயமான விலையில் உறுப்பினர்களுக்கு விற்பது அதன் வேலை. இந்தியாவில் நுகர்வோர் கூட்டுறவின் முன்னோடி என்று பேசப்படும் அந்தச் சங்கம் டியூசிஎஸ் என்ற பெயரில் இன்றும் சென்னையில் ரேஷன் கடைகளை நடத்துகிறது.

ஒரு சங்கம் மாகாணத்தின் பசியைத் தாங்க முடியாது என்பதை 1918 காட்டியது. போர்க்கால விலையேற்றத்தோடு மழையும் பொய்த்தது. செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்ஃப்ளூயன்ஸா பரவியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படும் கொள்ளைநோய் அது. தானியம் எட்டாத விலையில் இருந்த நேரத்தில் வந்த நோய், வயிறு ஒட்டிக் கிடந்தவர்களை எளிதாக வாரிக்கொண்டு போனது. தெருவுக்குத் தெரு கட்டுப்பட்ட விலையில் அரிசி அளந்து போடும் ஏற்பாடு அன்று இருந்திருந்தால், சாவுகளில் ஒரு பகுதியையாவது தடுத்திருக்கலாம்.

அந்த ஏற்பாடு இரண்டாம் உலகப் போரில்தான் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. பங்கீட்டு அட்டை சென்னைக்காரர்களின் வாழ்க்கைக்குள் நுழைந்தது. 1952இல் முதல்வர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் 1960களின் பஞ்சம் கட்டுப்பாட்டை மறுபடி அழைத்துவந்தது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது.

இவற்றுக்கெல்லாம் பிறகு எடுத்த ஒரு முடிவுதான் 2020இல் பெரிதும் கைகொடுத்தது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்தது. அரிசி வேண்டும் என்கிற குடும்பத்துக்கெல்லாம் அட்டை என்ற ஏற்பாடு தொடர்ந்தது. அதனால்தான் நேற்றுவரை வேலை பார்த்து இன்று வருமானம் இழந்தவரைத் தேடிப் புதுப் பட்டியல் எழுத வேண்டியிருக்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு கோடிக் குடும்பங்கள் ஏற்கெனவே அட்டையோடு இருந்தன; முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் திறந்திருந்தன.

திறந்திருந்தன என்று எழுதுவது எளிது. ரேஷன் கடை வேலை எட்ட நின்று செய்கிற வேலை அல்ல. ஸ்மார்ட் கார்டைக் கையில் வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐம்பது கிலோ சாக்கைப் பிரித்து, அள்ளி, தராசில் நிறுத்து, எதிரே நிற்பவர் விரித்துப் பிடிக்கும் பைக்குள் கொட்ட வேண்டும். சில அடி இடைவெளி வேண்டும் என்று சுவரொட்டி சொன்னது. பையும் தராசும் அந்த இடைவெளிக்கு இடம் தரவில்லை. கட்டுநர் இல்லாத கடைகள் ஏராளம். அங்கே பில் போடுவதும் எடை போடுவதும் ஒரே ஆள். இரண்டு கடைகளுக்குப் பொறுப்பானவர்களும் உண்டு. முகக்கவசத்துக்கு மேலே அரிசித் தூசியும் படிந்தது.

நெரிசலைத் தவிர்க்க நாளும் நேரமும் எழுதிய டோக்கனை வீடு வீடாகக் கொடுக்கும் பணியும் அவர்கள் தலையில் விழுந்தது. ஜூன் மாதம் சென்னையில் முழு ஊரடங்கு திரும்பியபோது, ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கு முன், மே 5 அன்று, நோய் பரவியதால் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. நோய் பரவிய இடத்தைப் பூட்டிவிட்டு வேறிடம் பார்க்க அங்கே வழி இருந்தது. ரேஷன் கடைகளுக்கு அந்த வழி இல்லை.

இரண்டாம் அலை இன்னும் கடுமை. 2021 மே 7 அன்று முதல்வராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின் நாலாயிரம் ரூபாய் நிவாரணத்துக்குக் கையெழுத்திட்டார். முதல் தவணை இரண்டாயிரம் மே மாதத்தில். மே 24 முதல் மளிகைக் கடைகளும் அடைக்கப்பட்டன. ஜூனில் இரண்டாம் தவணையோடு 14 பொருள்கள் கொண்ட மளிகைத் தொகுப்பு: கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, கடுகு, சீரகம், தேயிலை, சோப்பு வரை. பெயருக்குத் தந்த சலுகை அல்ல அது. ஒரு வீட்டில் அடுப்பு எரியவும் உடம்பு கழுவவும் என்ன தேவை என்று யோசித்துக் கட்டிய பை. அதையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து நீட்டியவர்கள் அதே ஆட்கள்.

2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு சுகாதாரப் பணியாளர்களுக்கானது. அவர்களுக்கு அது தகும். நூற்றுக்கணக்கானோரை அன்றாடம் முகத்துக்கு முகம் பார்த்த ரேஷன் கடைப் பணியாளர்களுக்கு அதில் இடமில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்களின் கணக்கில் அவர்களையும் எழுதியிருக்க வேண்டும். 2022இல் கூட்டுறவுத் துறை வெளியிட்ட ஆள்தேர்வு அறிவிப்பில், புதிய விற்பனையாளருக்கு முதலாண்டுத் தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய். கட்டுநருக்கு 5,500 ரூபாய்.