புதிய மீன்களும் வெண்புள்ளி நோயும்: தனிமைப்படுத்தல் முறையின் அறிவியல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக வாங்கப்படும் நன்னீர் அலங்கார மீன்களைத் தாக்கும் நோய்களுள் பரவலானது வெண்புள்ளி நோய். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்நோய் அறியப்பட்ட விதத்தையும், அவ்வறிவு தொட்டி மீன் வளர்ப்பின் நடைமுறையை மாற்றிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இது மருந்துகளின் வரலாறு என்பதைக் காட்டிலும் நோயுயிரியின் காலக்கணக்கை அறிந்துகொண்ட வரலாறு என்பதே இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அலங்கார மீன், வெண்புள்ளி நோய், ஒட்டுண்ணி, தனிமைப்படுத்தல், மீன்காட்சியகம்.

முன்னுரை

கடையில் நலமாகத் தோன்றிய மீன், தொட்டிக்கு வந்த சில நாட்களில் உப்பைத் தூவியது போன்ற வெண்புள்ளிகளைப் பெறுவதும், அதைத் தொடர்ந்து பழைய மீன்களும் ஒவ்வொன்றாக மடிவதும் மீன் வளர்ப்போர் நன்கறிந்த இழப்பாகும். சென்னைக் கொளத்தூர் முதலான அலங்கார மீன் வணிக மையங்களில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் இது பொருளிழப்புச் சார்ந்த சிக்கலுமாகும். 'தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இவ்விளக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

நீரை மையமாகக் கொண்ட சிந்தனை

தொட்டி மீன் வளர்ப்பின் தொடக்கக்கால அறிவியல் நீரைப் பற்றியதாகவே அமைந்தது. இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், இரு தங்கமீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் ஒரே கலத்தில் வைத்து ஆய்ந்தார். அழுகும் இலைகளால் நீர் கெட்டபோது நத்தைகளைச் சேர்த்து அதனைத் தெளியச் செய்தார். 1850இல் வெளியான இவ்வாய்வு, தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கும் 'சமநிலைத் தொட்டி' என்னும் கருத்துக்கு அடிப்படையாயிற்று. 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வெளிவந்த பிலிப் ஹென்றி காஸ்ஸின் நூல் தொட்டி வளர்ப்பை இல்லங்களுக்குக் கொண்டு சென்றது.

சமநிலைக் கருத்து நீர் கெடுவதை விளக்கியது. தெளிந்த நீரிலும் மீன்கள் மடிவதை அதனால் விளக்க இயலவில்லை. சமநிலை பெற்ற தொட்டியில் ஒரு மீனைப் புதிதாகச் சேர்ப்பதில் அளவுச் சிக்கல் மட்டுமே உண்டு என அக்கருத்து கொண்டது. அம்மீனுடன் வேறோர் உயிரும் வரக்கூடும் என்பதற்கு அதில் இடமில்லை.

ஒட்டுண்ணி அடையாளம் காணப்படல்

இவ்விடைவெளி நிரம்பத் தொடங்கியதும் ஒரு மீன்காட்சியகத்திலேயே என்பது கருதத்தக்கது. ஹாம்பர்க் விலங்கியல் பூங்காவில் நன்னீர் மீன்களின் தோலில் வாழும் நுண்ணுயிரிகளைக் குறித்து ஹில்கன்டார்ஃப், பவ்லிக்கி ஆகிய இருவரும் 1869இல் எழுதினர். பிரான்சில் ஃபூக்கே 1876இல் இவ்வுயிரியை விரிவாக ஆராய்ந்து 'இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்' எனப் பெயரிட்டார். முதற்சொல் 'மீன்பேன்' என்றும், அடுத்த சொல் 'பல பிள்ளைகளை உடையது' என்றும் பொருள்படும். உயிரியின் தோற்றத்தைவிட அது பெருகும் முறையே பெயருக்கு அடிப்படையானது. பிற்காலச் சிகிச்சை முறைகள் அனைத்தும் இப்பெருக்கத்தைச் சார்ந்தே உருவாயின.

வாழ்க்கைச் சுழற்சியும் மருந்தும்

ஒவ்வொரு வெண்புள்ளியும் மீனின் மேல்தோல் அடுக்கினுள் அமர்ந்து உண்ணும் ஓர் ஒருசெல் உயிரியைக் காட்டுகிறது. வளர்ந்தபின் அது மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொள்கிறது. உறையினுள் பலமுறை பகுந்து நூற்றுக்கணக்கான இளவுயிரிகளாக வெளிவருகிறது. நீந்தும் இவ்விளவுயிரிகள் மீனை அடையாவிடில் ஓரிரு நாட்களில் மடிகின்றன.

இந்நிலைகளுள் மருந்துக்கு எளிதில் ஆட்படுவது நீந்தும் நிலை மட்டுமே. தோலுள் இருப்பதையும் உறையுள் இருப்பதையும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. ஃபூக்கே பெயரிட்ட அதே 1876இல் ஜெர்மனியில் மெத்திலீன் நீலமும், அடுத்த ஆண்டில் மாலகைட் பச்சையும் உருவாக்கப்பட்டன. துணிச் சாயங்களாகத் தோன்றிய இவை பின்னர் மீன்களுக்கும் மருந்தாயின. மாலகைட் பச்சையை மீன்களுக்குப் பயன்படுத்துவது குறித்து ஃபாஸ்டர், உட்பரி ஆகியோர் 1936இல் எழுதினர். அதனை ஃபார்மலினுடன் கலந்து வெண்புள்ளி ஒட்டுண்ணிக்கு எதிராகப் பயன்படுத்தும் முறையை லெட்டோ, மேயர் ஆகியோர் 1972இல் வெளியிட்டனர். நச்சுத்தன்மை காரணமாக, உணவு மீன்களுக்கு மாலகைட் பச்சையைப் பயன்படுத்துவது இன்று பல நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளது.

எம்மருந்தாயினும் ஒருமுறை இடுவது போதாது என்பதைச் சுழற்சியே விளக்குகிறது. புள்ளிகள் மறைந்தது குணமானதைக் குறிப்பதில்லை. உயிரி மீனை விட்டுப் பெருகச் சென்றதையே அது குறிக்கலாம். இதனை அறியாது மருந்தை நிறுத்துவோர் சில நாட்களில் முன்னினும் கடுமையான தாக்குதலைக் காண்கின்றனர்.

தனிமைப்படுத்தலின் கால அளவு

மனிதரிடையே தனிமைப்படுத்தல் நெடிய வரலாறு உடையது. ரகூசா நகரம் 1377இல் நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் விலக்கி வைத்தது. பின்னர் இது நாற்பது நாட்களாயிற்று. நோய்க்கிருமி அறியப்படாத காலத்தின் அளவுகள் இவை. மீன்களுக்கான தனிமைக் காலமோ ஒட்டுண்ணியின் சுழற்சியைக் கொண்டு கணிக்கத்தக்கது. சுமார் 25 பாகை செல்சியசில் ஒரு சுழற்சி ஏறக்குறைய ஒரு வாரத்துள் முடிகிறது. குளிர்நீரில் பல வாரங்கள் நீள்கிறது. ஆகவே வெதுவெதுப்பான நீரில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்தால், மறைந்திருக்கும் உயிரி தன்னை வெளிப்படுத்தப் போதிய சுழற்சிகள் கிட்டுகின்றன. நீரை அளவோடு வெதுவெதுப்பாக்குவதும் நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டுமன்று, சுழற்சியை விரைவுபடுத்துவதற்காகவுமாகும். வலைக்கும் குழாய்க்கும்கூடத் தனித்தன்மை வேண்டும். ஈரமான கருவியும் விற்பனையாளரின் நீரும் உயிரியைக் கடத்தவல்லவை.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. நோயிலிருந்து மீண்ட மீன் எதிர்ப்புத்திறன் பெறுகிறது. ஆயினும் சிறு அளவில் ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கலாம். அவ்வாறான மீன் புள்ளியின்றியே கடையில் விற்கப்படலாம். 1941இல் ஷேப்பர்கிளாஸ் விவரித்த நியான் டெட்ரா நோய் போன்றவை மெல்ல வெளிப்படுவதால், வெண்புள்ளிக்குரிய காலக்கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

முடிவுரை

நீர் ஒத்துக்கொள்ளாமை என்னும் விளக்கம் முற்றிலும் பிழையன்று. பயணமும் நெரிசலும் வெப்பநிலை மாற்றமும் மீனின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. ஆயினும் நோயின் முழுக் காரணம் நீரன்று. 1869க்கும் 1876க்கும் இடையில் கிடைத்த அறிவு, 'எந்த மருந்து?' என்னும் வினாவுக்கு முன்னர் 'எத்தனை நாள்?' என்னும் வினாவை வைத்தது. தனித்தொட்டியில் காத்திருத்தல் மருந்தைவிடச் செலவு குறைந்தது. பழைய மீன்களையும் காப்பது. விற்பனையாளர் வாங்குவோருக்கு மருந்துப் புட்டியோடு இக்காலக்கணக்கையும் எடுத்துரைப்பின், இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.