கூட்டம் கலையவில்லை: சிம்லா பீட் முதல் 2010 வரை இந்திய ராக் நிகழ்ச்சியின் பார்வையாளர்

சித்தார்த் பாட்டியாவின் ‘இந்தியா சைக்கடெலிக்’ 2014இல் வெளிவந்த பிறகு, இந்திய ராக் இசையின் தொடக்ககாலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்நூலிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தகுதியான நூல்தான். ஊர் ஊராகக் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்தவர்களின் நினைவுகளை அவர் தேடித் தொகுத்திராவிட்டால் பல குழுக்களின் பெயர்கூட நமக்கு எட்டியிருக்காது. ஆனால் அதன் துணைத்தலைப்பு அதை ஒரு தலைமுறையின் கதையாக அறிவிக்கிறது. அறுபதுகளையும் எழுபதுகளையும் விட்டு அது அதிகம் நகர்வதில்லை. பாட்டியா எந்த அளவுக்கு எண்ணிச் செய்தாரோ தெரியாது, அவரைப் பின்பற்றியோரிடம் இச்சட்டகம் ஒரு முடிவாகவே இறுகிவிட்டது: ஓர் அலை எழுந்தது, எழுபதுகளின் நடுவில் அடங்கியது, பிறகு பம்பாயில் ராக் மெஷின் குழுவும் (1984) இண்டிபெண்டன்ஸ் ராக் விழாவும் (1986) வந்து இரண்டாம் அலையைக் கிளப்பின, இடையில் வெறுமை. அந்த இடைவெளியை நான் ஏற்கவில்லை.

மறுப்பின் அடிப்படை எளியது. பாட்டியாவின் சான்றாளர்கள் மேடையேறியவர்கள். மேடையேறியவருக்கு ஒரு காலம் முடிவது உண்மை: குழு கலைகிறது, ஒருவர் விளம்பரத் துறைக்குப் போகிறார், ஒருவர் திரையிசைக்குப் போகிறார், ஒருவர் கப்பலேறுகிறார். நாற்பது ஆண்டு கழித்துக் கேட்டால் அவர் ‘அதோடு எல்லாம் முடிந்தது’ என்றுதான் சொல்வார். கேட்க வந்தவருக்கு அப்படி எதுவும் முடிவதில்லை, அடுத்த சனிக்கிழமை வேறொரு குழு வாசிக்கும். கிரெகரி பூத் போன்றோர் திரையிசைக்குள் ராக் புகுந்த வழியை நன்கு ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவும் வாசித்தவர்களின் வரலாறுதான். டிக்கெட் வாங்கியவர், நுழைவாயிலில் நின்றவர், கடைசி வரிசையிலிருந்து கூச்சலிட்டவர் ஆகியோரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

அவ்வரலாற்றில் இரண்டு வகைக் கேட்டலைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது உணவகக் கேட்டல். கல்கத்தா பார்க் தெருவின் டிரிங்காஸ், பம்பாய் கொலாபாவின் ஸ்லிப் டிஸ்க், மதராஸ் மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்கின் அடித்தளத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் போன்ற இடங்களில் இசை சாப்பாட்டோடு வந்தது. உஷா உதுப் பாடத் தொடங்கியது அந்த நைன் ஜெம்ஸில்தான், பிறகு டிரிங்காஸ். (1972இல் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் ஸ்லிப் டிஸ்கில் வாசித்த செய்தியைச் சொல்லாத வரலாறே இல்லை. உள்ளூர்க் குழுவைக் கேட்கப் போனவர்களைப் பற்றி அது எதையும் சொல்லாததால் நான் அதை இத்துடன் விடுகிறேன்.) இவ்வகைக் கேட்டல் கையில் பணமுள்ளவர்க்கு உரியது. ஊரின் மதுக்கொள்கை மாறினால் அதுவும் ஆடிப்போகும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, சில ஆண்டுகளிலேயே திரும்பி வந்து, 1981இல் மீண்டும் விலகியது. இப்படிப்பட்ட நிலத்தில் இரவு விடுதியை நம்பி ஒரு ரசிகர் கூட்டம் வளர்ந்திருக்க முடியாது. மதராஸ் ராக் மண்டபத்தையும் கல்லூரியையும் சார்ந்து நின்றதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு. நேரடிச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

இரண்டாவது, போட்டிக் கேட்டல். இங்கேதான் சிம்லா பீட் வருகிறது. சிம்லா என்ற சிகரெட்டை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய அனைத்திந்தியப் போட்டி இது. தலைமுறைக் கதையில் இப்போட்டிதான் அலையின் உச்சம். அப்படிப் படிக்க உதவுபவை ‘சிம்லா பீட் 70’, ‘சிம்லா பீட் 71’ என்னும் இரண்டு இசைத்தட்டுகள். அயல்நாட்டு நிறுவனங்கள் அவற்றை மறுபதிப்புச் செய்ததால் இன்றைய ஆய்வாளர் கைக்கு முதலில் கிடைப்பதும் அவையே. ஆனால் அவை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானவை. போட்டியின் கைதட்டல், ஊளை, நடுவர் மேசை எதுவும் அவற்றில் இல்லை. குழுக்கள் எப்படி வாசித்தன என்பதற்கு அவை நல்ல சான்று, கூட்டம் எப்படிக் கேட்டது என்பதற்குச் சான்றே அல்ல.

இருந்தும் இரண்டு குறிப்புகளை அத்தட்டுகளிலிருந்து பெறலாம். முதல் தட்டில் மதராஸின் கன்ஃபியூஷன்ஸ் குழு சொந்தப் பாடல் தருகிறது, எக்ஸ்லெண்ட்ஸ் குழுவோ கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் பாடலை எடுத்து வாசிக்கிறது. சொந்தப் பாடலும் கவர் பாடலும் ஒரே போட்டியின் ஒரே தட்டில் நின்றன என்பது இதனால் தெரிகிறது. ‘முதலில் நகல், பிறகு அசல்’ என்ற வளர்ச்சிப்படியை இனி யாரும் எளிதாக வரைய முடியாது. இரண்டாம் தட்டில் ஷில்லாங்கின் ஃபெண்டோன்ஸ் குழு ‘சிம்லா பீட் தீம்’ என்றே ஒரு பாடலை வைத்திருக்கிறது. விளம்பரதாரரை மகிழ்விக்கச் செய்தது என்று இதைத் தள்ளிவிடலாம். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். ஒரு போட்டியின் பெயரில் பாட்டுக் கட்டலாம் என்று ஷில்லாங்கில் ஒரு குழு நினைக்க வேண்டுமானால், அந்தப் பெயரைச் சொன்னதும் ஆர்ப்பரிக்கும் கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். சான்று மெலிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை மறுப்பவருடைய சான்று இதைவிட மெலிந்தது.

சிம்லா பீட் விட்டுச்சென்றது ஒரு நிகழ்ச்சி முறை. செலவை ஸ்பான்சர் ஏற்பார், பல குழுக்கள் குறுகிய நேரம் வாசிக்கும், நடுவர் இருப்பர், ஒவ்வொரு குழுவுக்கும் அதன் ஊர்க்காரரும் கல்லூரித் தோழரும் கத்த வருவர். இம்முறையைக் கையிலெடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சென்னை ஐஐடியின் மார்டி கிரா விழா 1974இல் தொடங்கியது; 1996இல் அது சாரங் ஆனது; அதன் ராக் போட்டிக்கு டெசிபெல்ஸ் என்று பெயர். பம்பாய் ஐஐடியின் மூட் இண்டிகோவிலும் பெங்களூர் சட்டப் பள்ளியின் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸிலும் இதே அமைப்பு. அமித் சைகல் 1993இல் அலகாபாத்தில் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தொடங்கி, பின்னர் டெல்லியில் நடத்திய கிரேட் இந்தியன் ராக் விழாவும் போட்டியையே முதுகெலும்பாகக் கொண்டது. முறை அறுபடவில்லை. அலை அடங்கியது என்று சொல்லப்படும் அதே ஆண்டுகளில்தான் அது கல்லூரிக்குள் குடியேறியது.

அப்படியானால் எழுபதுகளின் பிற்பகுதி ஏன் வெறுமையாகத் தெரிகிறது? கல்கத்தாவிலிருந்து டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக இருந்து நடத்திய ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ 1967இல் தொடங்கி 1977இல் நின்றது. ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் வந்தது 1993இல். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் உள்ளூர்க் குழுக்களை அதே அக்கறையோடு பின்தொடர்ந்த அனைத்திந்திய இதழ் ஒன்றைச் சுட்டுவது கடினம். பத்திரிகை நின்றதை இசை நின்றதாக நாம் எடுத்துக்கொண்டோம். தாள் மௌனமான அந்த ஆண்டுகளில் கொச்சியில் 13ஏடி உருவாகி ஓட்டல் மேடையில் நிலைபெற்றது, கல்கத்தாவில் மொஹீனேர் கோராகுலி வங்காள மொழியில் பாடியது, ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரியாகக் கொண்டாடிவந்தார். இவற்றைத் தனித்தனி விதிவிலக்குகளாகக் காட்டுவது வழக்கம். விதிவிலக்குகள் இத்தனை சேரும்போது விதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கல்லூரி வளாகத்தில் தலைமுறைக் கணக்கு செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைய ஐஐடி பி.டெக். ஐந்தாண்டுப் படிப்பு. 1974க்கும் 1986க்கும் இடையே 12 ஆண்டுகள். ஒருவர் படித்து முடித்து வெளியேறும் காலம் ஏறக்குறைய இரண்டரை முறை உருண்டோடியிருக்கும். மூத்தவர் இளையவரிடம் ஒப்படைத்துச் சென்றவை ஒலிபெருக்கிக்காரரின் முகவரி, அனுமதிக் கடிதத்தின் வாசகம், எந்தப் பாட்டுக்குத் திறந்தவெளி அரங்கு (ஓஏடி) எழுந்து நிற்கும் என்ற அறிவு. வளாக விழாவுக்கு இன்னொரு பயனும் இருந்தது. விடுதிக்கும் இரவுக் கிளப்புக்கும் போக வீட்டில் அனுமதி கிடைக்காத மாணவிகள் ‘கல்ச்சுரல்ஸ்’ என்று சொல்லிவிட்டு வர முடிந்தது. இதற்கு ஆவணம் தேடுவது வீண். கல்லூரி மலர்கள் வென்றவர்களின் பெயரை அச்சிடும், வந்தவர்களின் பெயரை அச்சிடாது.

இனி இண்டிபெண்டன்ஸ் ராக். ஃபர்ஹாத் வாடியா தொடங்கிய இவ்விழா பம்பாய் தோபி தலாவ் அருகே, புனித சேவியர் கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கில், சுதந்திர தினத்தையொட்டி நடந்தது. அதாவது நல்ல மழைக்காலத்தில். நனைந்துகொண்டே நின்று கேட்பது அக்கூட்டத்தின் பெருமையாக இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ரங் பவன் உரத்த இசைக்கு மூடப்பட்டது. கூட்டம் புறநகர் மைதானங்களுக்கும் பப்புகளுக்கும் சிதறியது. ரசனை மாறிவிட்டது, அடுத்த தலைமுறைக்கு மின்னணு நடன இசை பிடித்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். மறுபடியும் தலைமுறை! நான் வேறொரு மூலத்தைப் படிக்கச் சொல்வேன். அது ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின் ஐந்தாம் விதி.

இவ்விதி ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. கோயில் சுவரில் பிற்காலத்தார் சேர்த்துச் சேர்த்து வெட்டிய கல்வெட்டைப் போல இதில் அடுக்குகள் உண்டு, அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் வந்த மூலப் பாடம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியையும் பொது அறிவிப்பு அமைப்பையும் தடுக்கிறது. அரங்கம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள் மட்டும் விலக்குத் தருகிறது. 2002 அக்டோபரில் ஓர் உட்பிரிவு சேர்கிறது: பண்பாட்டு அல்லது சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். 2010 ஜனவரித் திருத்தத்தில் தடைப் பட்டியல் நீள்கிறது: ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி, ஒலிமிகைப்பி.

ஆகவே 2010 வரை இவ்விதி ஒலிபெருக்கியைத்தான் பார்த்தது, கிட்டாரையும் அதன் ஆம்ப்ளிஃபயரையும் பெயரிட்டுப் பார்க்கவில்லை. நடைமுறையில் இதனால் எந்தக் காவலரும் ஏமாந்திருக்கமாட்டார் என்பதை அறிவேன். பெரிய நிகழ்ச்சி ஒலிபெருக்கி இல்லாமல் நடக்காது. ஆனால் காலவரிசை முக்கியம். ரங் பவனை முடக்கியது இரவுத் தடையைவிட, அதே விதிகளில் உள்ள அமைதிப் பகுதி ஏற்பாடுதான். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபெல், இரவில் 40 டெசிபெல் வரம்பு. ராக் நிகழ்ச்சி 100 டெசிபெல்லை எளிதில் தொடும். பகல் இரண்டு மணிக்கு நடத்தினாலும் தப்பமுடியாது. அறிவித்தால்தான் அமைதிப் பகுதியா, அறிவிக்காவிட்டாலும் அமைதிப் பகுதியா என்ற வழக்கு 2017 ஆகஸ்ட் திருத்தம் வரை இழுத்தது.

இதில் பாட்டியாவும் அவர் வழி வந்தோரும் காணாத ஒரு முரண் உள்ளது. இந்திய ராக் கூட்டத்தைக் கடினமான ஆண்டுகளில் காத்தது கல்வி நிறுவனம் என்று மேலே வாதிட்டேன். அதே கல்வி நிறுவனம்தான் அமைதிப் பகுதியின் நடுப்புள்ளி. ரங் பவனுக்கு ரசிகர்களை அனுப்பிய கல்லூரியின் அண்மையே, அங்கிருந்த மருத்துவமனைகளோடு சேர்ந்து, அதை மூடவும் காரணமாயிற்று. விதி வகுத்தவர்களுக்கு இசை மேல் பகை இருந்ததாகத் தோன்றவில்லை. நோயாளியின் உறக்கமும் மாணவரின் படிப்பும் அவர்கள் கவலை, நியாயமான கவலை.

மூடிய இடத்துக்கு விலக்கு உண்டென்றால் இசை மூடிய இடத்துக்குப் போகும். பப் மேடை பெருகியதை நான் இப்படியே விளக்குவேன். இதன் விலையைச் செலுத்தியவர் பார்வையாளர். ரங் பவனின் திறந்த படிகளில் பள்ளி மாணவரும் ஏறி நிற்கலாம். மது பரிமாறும் இடத்தில் வயதுக் கட்டுப்பாடு உண்டு, மகாராஷ்டிரத்தில் அது 25 வரை போகிறது. உணவகக் கேட்டல் பெயர் மாற்றிக்கொண்டு திரும்பிவந்தது எனலாம். இந்த மாற்றம் எந்த ஆண்டில் உறுதிப்பட்டது என்பதை நான் வரையறுக்கவில்லை. 2000க்கும் 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி அளித்த தீர்ப்புக்கும் இடையில் என்று பொதுவாகச் சொல்லலாம். பெங்களூரின் காலக்கணக்கு வேறு. அங்கே பேலஸ் கிரவுண்ட்ஸ் 2007இல் அயர்ன் மெய்டனையே தாங்கியது. பம்பாய்க் காலவரிசையை நாடு முழுவதற்கும் நீட்டும் பழக்கத்தை நானும் பின்பற்ற விரும்பவில்லை.

அந்த 15 நாள்களைப் பற்றி இன்னொன்று. மாநில அரசுகள் அவற்றைப் பங்கிடும் பட்டியலைப் பார்த்தால், மகாராஷ்டிரத்தில் விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 என்றே பெரும்பாலும் போகிறது. 2002 உட்பிரிவில் ‘பண்பாட்டு விழா’ என்ற வகை சமய விழாவுக்கு முன்னதாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வகையில் ஓர் இரவைக் கேட்டு எந்த ராக் விழாவாவது விண்ணப்பித்ததா, விண்ணப்பித்திருந்தால் என்ன பதில் வந்தது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கோப்புகளில் இனித் தேடவேண்டும்.