மூன்று ரூபாய் டிக்கெட்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் 1706 வரை. மதுரைக்கு ரயில் வந்தது 1875 வாக்கில். சத்திரம் என்பது கால்நடையாக வருகிறவனுக்காகக் கட்டப்பட்டது. அவன் மடியில் காசு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ரயில் நிலையத்தில் முதல் கேள்வியே அதுதான். 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வைத்துக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்தான். போக வேண்டிய இடம் திருவண்ணாமலை. பின்னாளில் அவர் ரமண மகரிஷி. பக்தர்கள் அந்த மூன்று ரூபாயை இறைவன் ஆடிய விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் திருட்டு என்பார்கள். இரண்டுமே அந்தக் காசின் வரலாற்றைப் பார்க்காத பேச்சு. அடுத்தவர் செலவில் அண்ணாமலைக்குப் போவது பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்குள் டிக்கெட் என்ற ஒன்று நுழைந்ததால் வந்த சிக்கல் இது.

பழைய வழக்கத்தில் கொடுப்பவர் முன்னாலேயே கொடுத்துவிடுவார், வருபவர் யாரென்று தெரியாமலேயே. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்ட செய்தி திரும்பத் திரும்ப வரும். அந்த விளக்கு யாருக்கு வழி காட்டும் என்று ஆடு விட்டவருக்குத் தெரியாது. சத்திரமும் அன்னதானமும் அதே கணக்குதான். புண்ணியம் கொடுத்தவருக்கு, சோறு வந்தவருக்கு. வாங்குகிறவன் எதையும் ‘எடுக்க’ வேண்டியதில்லை, பொய் சொல்லவும் வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் தெய்வம் வரை போகிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு மகன் இல்லை என்பது தலக்கதை; அதனால் அண்ணாமலையாரே மகனாக நின்று ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். பட்ட கடனை மறக்காத ஊர் என்று அதைப் படிக்கலாம்.

இப்போது பையனின் பயணத்தைப் பாருங்கள். நரசிம்ம சுவாமி 1931இல் எழுதிய வரலாறும் பிறகு ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதியதும் அணா அணாவாகக் கணக்குச் சொல்கின்றன. பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திண்டிவனம்தான் அருகிலுள்ள நிலையம் என்று அவன் நினைத்துக்கொண்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போட்ட கிளைப்பாதை அந்தப் படத்தில் இல்லை. திண்டிவனத்துக்கு மூன்றாம் வகுப்பு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கட்டணப் பலகையில் இன்னும் சில பெயர் கீழே படித்திருந்தால் திருவண்ணாமலையே இருந்திருக்கும். கட்டணம் சரியாக மூன்று ரூபாய். வழியிலேயே சரியான பாதை தெரியவந்து விழுப்புரத்தில் இறங்கியபோது, வழிச்செலவு போக மிச்சம் இரண்டரை அணா. ஓட்டல்காரர் அதைக் கேள்விப்பட்டுச் சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், அங்கிருந்து பத்து மைல் நடந்து அரகண்டநல்லூர், பிறகு கீழூர். கீழூர்க் கோயிலில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி, முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு. அடுத்து என்ன? மறுபடி ரயில், மறுபடி காசு. இருபது ரூபாய் பெறும் கடுக்கனைப் பாகவதரிடம் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் செப்டம்பர் 1 காலை திருக்கோவிலூரில் டிக்கெட் வாங்க முடிந்தது. நடந்த தூரமெல்லாம் பிறர் காசு வாங்காமலே கொடுத்தார்கள். ரயில் ஏறிய இடத்தில்தான் அண்ணன் பணமும் அடகும் தேவைப்பட்டன.

நடப்பவனுக்கு எல்லோரும் கொடுத்துவிடவில்லை என்பது உண்மைதான். கோயில் குருக்கள் முதலில் சோறு இல்லையென்றார். பசியில் பையன் தெருவில் மயங்கி விழுந்து, சிந்திய சோற்றைப் பொறுக்கித் தின்றான். பழைய வழக்கத்தைப் பொற்காலமாக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அதில் இல்லையென்றவரைத் தாண்டி இன்னொருவரிடம் போகலாம். டிக்கெட் சன்னலில் இன்னொருவர் கிடையாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் உண்டு. பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு இருக்கிறதென்று அவன் வீட்டில் பொய் சொல்லிக் கிளம்பினான்; அதை நம்பித்தான் போகிற வழியில் சம்பளம் கட்டிவிடச் சொன்னார் அண்ணன். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின்படி இது திருட்டுகூட அல்ல. ஒப்படைத்த பணத்தைத் தன் காரியத்துக்குத் திருப்புவது, அதாவது 405ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடி. ஆனால் அந்தப் பிரிவும் நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்று கேட்கிறது. அங்கேதான் அவன் விட்டுப்போன சீட்டு சாட்சிக்கு வருகிறது. தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதனுடன் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பெயரை விட்டுவிட்டவன் தொகையை விடவில்லை. வழிச்செலவுக்கு ஆகுமென்று நினைத்ததை மட்டும் எடுத்திருக்கிறான். பின்னாளில் மகானானார் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை; வேறு எந்தப் பையன் செய்திருந்தாலும் இந்தச் சீட்டு அவன் பக்கம்தான் பேசும். இருந்தாலும் தெரிவிப்பது வேறு, சம்மதம் கேட்பது வேறு. சீட்டு முதலாவதை மட்டுமே செய்தது.

இன்று திருவண்ணாமலைக்கு வருகிற பலர் சென்னை வரை விமானத்தில் வருகிறார்கள். மகனுடைய கிரெடிட் கார்டில் தாய்க்கு டிக்கெட், நண்பர் கார்டில் இன்னொருவருக்கு. கார்டு வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய கடிதத்தையோ கார்டு நகலையோ கேட்கும் விமான நிறுவனங்கள் உண்டு. 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் கார்டு எண் மட்டும் போதாது, கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. வேங்கடராமன் கேட்காமல் விட்ட சம்மதத்தை இப்போது இயந்திரம் கேட்கிறது. சத்திரத்துக்கு இந்தக் கேள்வி தேவைப்படவில்லை; சம்மதம் அதன் வாசற்படியிலேயே இருந்தது.

செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கிக் கோயிலுக்குள் போய்வந்த பிறகு, கையில் மிஞ்சியதைப் பையன் அய்யன்குளத்தில் எறிந்தான். மூன்று ரூபாய்க்கு மேல் இருந்தது. அண்ணனுக்குக் கொடுக்க வேண்டியதும் மூன்று ரூபாய்தான். இந்தியத் தபால் நிலையங்களில் 1880 முதலே மணியார்டர் வசதி இருந்தது.